அக்குள் நிணநீர்க் கணுச் சோதனை: தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் நான். ஆம்பூர், குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர், அரக்கோணம் என்று பல ஊர்களிலிருந்து வரும் பெண்களும், அவர்களோடு வரும் கணவரும் மகனும் மருமகளும் மருத்துவரின் அறையில் தலையசைத்துவிட்டு, வெளியே வந்ததும் வராண்டாவில் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். கட்டி சிறியதாகவும், அக்குள் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலும் உள்ள தொடக்க நிலை நோயைப் பற்றியே இங்கு பேசுகிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"கட்டி மார்புலதானே இருக்கு சிஸ்டர், அக்குளை எதுக்குக் கிழிக்கணும்?"

உடலின் திசுக்களிலிருந்து வடியும் நீர், நிணநீர் என்ற பெயரில் மெல்லிய குழாய்கள் வழியே ஓடி, வழியில் உள்ள சிறு கணுக்களில் வடிகட்டப்பட்டு, கடைசியில் இரத்தத்தோடு சேர்கிறது. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அதே பக்கத்து அக்குளுக்குத்தான் போகிறது. ஆகவே கட்டியிலிருந்து புற்றுச் செல்கள் பிரிந்து நிணநீரில் கலந்தால், அவை பெரும்பாலும் முதலில் தங்குமிடம் அக்குள் கணுக்களே. ஒருவருக்கு அக்குளில் 20 முதல் 30 கணுக்கள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும்.

அந்தக் கணுக்களில் நோய் எட்டியிருக்கிறதா, எட்டியிருந்தால் எத்தனை கணுக்களில் என்பதைப் பொறுத்து நோயின் நிலை மாறுகிறது. கீமோ தேவையா, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமா, வைத்தால் அக்குளையும் சேர்த்தா என்ற கேள்விகளுக்கான விடையிலும் இந்தத் தகவலுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்பகக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அக்குளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தால், அடுத்த சிகிச்சையைப் பெரும்பாலும் ஊகத்தில்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

"அக்குள்ல நெறி கட்டியிருக்கு. அப்போ அங்கேயும் வந்துடுச்சா?"

அப்படி முடிவு செய்ய முடியாது. கையில் ஒரு புண் வந்து சீழ் பிடித்தாலும் அக்குளில் நெறி கட்டும். காசநோயில் கட்டும். தடுப்பூசி போட்ட பிறகும் சில வாரங்களுக்குக் கணு வீங்கி நிற்கலாம். நம் பகுதியில் கணுக் காசநோய் அரிதானதல்ல. மார்பகத்தில் புற்றுநோயும் அக்குளில் காசநோயும் ஒரே பெண்ணுக்கு இருக்கவும் கூடும்.

எதிர்ப்புறமும் உண்மைதான். விரலுக்கு எதுவும் தட்டுப்படாத அக்குளிலும் நோய் இருக்கலாம். நோயுள்ள கணு மிகச் சிறியதாக இருந்தால் அனுபவமுள்ள மருத்துவரின் கைக்கும் அது அகப்படாது. எனவே தொட்டுப் பார்த்துச் சொல்வதை முதல் படியாக மட்டும் கொள்ள வேண்டும்.

"ஸ்கேன்ல அக்குள் நார்மல்னு எழுதியிருக்காங்க. அதுக்கு மேல என்ன சோதனை?"

அக்குளுக்கான அல்ட்ராசவுண்டு ஸ்கேன் மிகவும் பயனுள்ளது. மேமோகிராமோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுவது நல்லது. கணுவின் வெளியோரம் தடித்திருக்கிறதா, நடுவில் இருக்க வேண்டிய கொழுப்புப் பகுதி மறைந்திருக்கிறதா, கணு உருண்டையாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் எழுந்தால் அந்தக் கணுவிலிருந்து ஊசி மூலம் செல்லையோ சிறு சதைத் துணுக்கையோ எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதில் புற்றுச் செல் தெரிந்துவிட்டால், நோய் கணுவை எட்டிவிட்டது என்பது அறுவைக்கு முன்பே உறுதியாகிவிடும்.

ஆனால் ஸ்கேன், கணுவின் வடிவத்தை மட்டுமே காட்டும். 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் செல்கூட்டம் கணுவின் வடிவத்தை மாற்றாது. பெட் ஸ்கேனுக்கும் இதே குறை உண்டு; "பெட் எடுத்துட்டோமே, அதுல அக்குள் சுத்தமா இருக்கே" என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். கணுவை எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு இணையான படம் இதுவரை இல்லை.

"ஊசி குத்தினா, கத்தி பட்டா பரவிடும்னு ஊர்ல சொல்றாங்களே?"

இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் பச்சிலைக் கட்டு போட்டுக்கொண்டு, கட்டி தோலை உடைத்த பிறகு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசிச் சோதனையாலோ கணுவை எடுப்பதாலோ நோய் உடல் முழுவதும் பரவுவதில்லை. பல ஆண்டுகளாக உலகெங்கும் முதலில் ஊசிச் சோதனை, பிறகு சிகிச்சை என்ற வரிசையில்தான் மார்பகப் புற்றுநோயைக் கையாளுகிறார்கள். அதனால் கெடுதல் விளைந்ததாகத் தெரியவில்லை.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதும் புரிகிறது. முற்றிய நிலையில் வந்து அறுவை செய்துகொண்டவர் சில மாதங்களில் இறந்தால், கடைசியாக நடந்தது அறுவைதான் என்பதால் பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது. அவரைக் கொண்டுபோனது அதற்கு முந்தைய காலதாமதம்.

"சென்டினல் கணுன்னு சொன்னாங்க. அதை எப்படிக் கண்டுபிடிச்சு எடுப்பாங்க?"

பாலாற்றுப் பக்கத்து ஏரிகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேல் ஏரி நிரம்பிக் கோடி போன பிறகே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் வரும். அதுபோல மார்பகத்திலிருந்து வரும் நிணநீர் முதலில் ஒன்றிரண்டு கணுக்களை அடைந்த பிறகே மற்றவற்றுக்குச் செல்கிறது. அந்த முதற்கணுக்களையே சென்டினல் கணு என்கிறார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால், பின்னால் உள்ளவற்றில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 1990களின் தொடக்கத்தில் தோலில் வரும் மெலனோமா புற்றுநோயில் நன்கு நிறுவப்பட்ட இந்த முறை, அதே பத்தாண்டில் மார்பகப் புற்றுநோய்க்கும் வந்து சேர்ந்தது.

கண்டுபிடிக்கும் வழி இது. மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட டெக்னீசியம் மருந்தை அறுவைக்கு முன்போ அதே நாளிலோ மார்பகக் காம்பைச் சுற்றிய கருவளையத்தின் அருகில் ஊசியாகச் செலுத்துவார்கள். நீங்கள் மயக்கத்தில் ஆழ்ந்த பிறகு நீலச் சாயத்தை அதே இடத்தில் செலுத்தி, சில நிமிடங்கள் மார்பகத்தை மெதுவாக அழுத்தித் தேய்த்து, சாயம் அக்குளை நோக்கி நகர விடுவார்கள். பிறகு பேனா போன்ற ஒரு கருவியை அக்குளின் மேல் நகர்த்துவார்கள். கதிரியக்கம் சேர்ந்த இடம் வந்ததும் அதன் ஒலி வேகமெடுக்கும். அங்கே சிறிய கீறல் போட்டு, கொழுப்பை விலக்கிப் பார்த்தால், நூலிழை போல ஒரு நீலக் குழாய் தெரியும். அதைப் பின்தொடர்ந்து போனால் நீலமேறிய கணுவில் முடியும். பெரும்பாலும் 1 முதல் 3 கணுக்கள் வரை எடுப்பார்கள். கையால் தொட்டுப் பார்க்கும்போது இறுகிய கணு வேறு ஏதாவது இருந்தால், நிறம் ஏறாவிட்டாலும் அதையும் எடுத்துவிடுவார்கள்.

சில இடங்களில் நீலச் சாயம் மட்டும் உண்டு. சில இடங்களில் பச்சை ஒளிர்வு தரும் ஐ.சி.ஜி. என்ற சாயத்தைச் சிறப்புக் கேமராவில் பார்த்துக் கணுவைக் கண்டறிகிறார்கள். இரண்டு முறைகளைச் சேர்த்துச் செய்தால் கணு கிடைக்காமல் போவது குறையும். எந்த முறையிலும் கணு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அறுவைக்கு முன்பே உங்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

"கதிரியக்க மருந்துன்னா, வீட்ல பேரக்குழந்தை இருக்கே, தூக்கலாமா?"

தூக்கலாம். டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஒரு நாள் கழிந்தால் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். செலுத்தப்படும் அளவும் மிகச் சிறியது. புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கர்ப்பிணிகளுக்குத் தரமாட்டார்கள்.

"மூத்திரம் நீலப்பச்சையாப் போகுது, ஏதாவது ஆயிடுச்சா?"

சாயம் சிறுநீரில் வெளியேறுகிறது. ஓரிரு நாட்களில் நின்றுவிடும். மார்பகத் தோலில் உள்ள நீலக் கறை மறைய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனால் தீங்கு இல்லை. அறுவையின்போது விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, இந்தச் சாயத்தால் சிறிது நேரம் அளவைக் குறைத்துக் காட்டும். மயக்க மருத்துவருக்கு இது தெரியும்.

நீங்கள் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிட்டுவந்தால் மறைக்காதீர்கள். அவற்றில் சில, மெத்திலீன் நீலத்தோடு சேர்ந்தால் ஆபத்தான எதிர்வினையை உண்டாக்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களும், முன்பு ஏதாவது சாயத்துக்கோ மருந்துக்கோ ஒவ்வாமை வந்தவர்களும் சொல்லிவிட வேண்டும். மாமியார் முன்னால் மனநல மாத்திரையைப் பற்றிப் பேசத் தயங்கினால், தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் கேளுங்கள். இடம் ஏற்படுத்தித் தருவார்கள்.

"மயக்கத்துல இருக்கும்போதே ரிசல்ட் பார்த்துடுவாங்களா?"

பார்க்க வசதியுள்ள இடங்களில் எடுத்த கணுவை உடனே ஆய்வகத்துக்கு அனுப்பி, உறைய வைத்து, சீவிப் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ஃப்ரோசன் செக்‌ஷன். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தகவல் வந்துவிடும். நோய் அதிகம் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மீதிக் கணுக்களை எடுக்கும் முடிவை எடுக்க முடியும். ஆகவே அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் இரண்டு வாய்ப்புகளும் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, அல்லது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடுங்கள்.

உறைய வைத்துப் பார்க்கும் சீவல் சில நேரம் சிறு அளவு நோயைத் தவறவிடும். மெழுகில் பதித்துச் செய்யும் முழுப் பரிசோதனையின் முடிவு சில நாட்கள் கழித்து வரும்போது, "அன்னிக்கு இல்லைன்னு சொன்னாங்க, இப்ப இருக்குன்னு சொல்றாங்க" என்று குடும்பம் கொதிப்பது உண்டு. இது முறையின் இயல்பான வரம்பு; யாரும் ஏமாற்றவில்லை. இறுதி அறிக்கையை வைத்தே அடுத்த சிகிச்சை முடிவாகும்.

"ரிப்போர்ட்ல கணு 1/3ன்னு போட்டிருக்கு. என்ன அர்த்தம்?"

3 கணுக்கள் எடுத்ததில் 1 கணுவில் நோய் இருக்கிறது என்று பொருள். 0/3 என்றால் எதிலும் இல்லை. 1 முதல் 3 கணுக்களில் நோய் என்றால் என்1, 4 முதல் 9 வரை என்2, 10 அல்லது அதற்கு மேல் என்3 என்று பொதுவாக வகைப்படுத்துவார்கள்.

எண்ணிக்கையோடு அளவையும் பாருங்கள். 0.2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட செல்கூட்டம் இருந்தால், கணுவில் நோய் இல்லை என்ற வகையிலேயே சேர்ப்பார்கள். 0.2க்கு மேல் 2 மில்லிமீட்டர் வரை இருந்தால் மைக்ரோமெட்டாஸ்டாசிஸ். அதைத் தாண்டினால் மேக்ரோமெட்டாஸ்டாசிஸ். கணுவின் உறையை உடைத்துக்கொண்டு நோய் வெளிக் கொழுப்பில் பரவியிருக்கிறதா என்றும் எழுதியிருப்பார்கள். அடுத்து வரும் பல கேள்விகளுக்கு விடை இந்த விவரங்களில்தான் இருக்கிறது. எனவே அறிக்கையின் கடைசி வரியை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாமல் எல்லாப் பக்கங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

"கணுவுல இருந்தா நாலாவது ஸ்டேஜ்தானே?"

இல்லை. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளுக்குச் சென்றால்தான் நான்காம் நிலை. 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியோடு, அக்குளில் ஓரிரு கணுக்களில் மேக்ரோமெட்டாஸ்டாசிஸ் இருந்தாலும், கட்டியின் அளவையும் நோய் பரவிய இடத்தையும் மட்டும் வைத்துப் பார்க்கும் முறையில் அது இரண்டாம் நிலையே. குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரும் நிலை அது. ஹார்மோன் ஏற்பிகள் (புற்றுச் செல்லில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்), செல்களின் தரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு இன்னும் துல்லியமாகும்.

"ஒரு கணுவுல இருக்குன்னா எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டா நிம்மதிதானே?"

பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய காலத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தபோது வேறுவிதமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த இசட்0011 என்ற ஆய்வில், கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்துக்குக் கதிர்வீச்சு பெற்ற, 1 அல்லது 2 சென்டினல் கணுக்களில் நோய் இருந்த பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மீதிக் கணுக்களை முழுமையாக எடுத்தார்கள், மற்றவர்களுக்கு எடுக்கவில்லை. 10 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், எடுத்தவர்களில் 83.6 விழுக்காடு, எடுக்காதவர்களில் 86.3 விழுக்காடு, அதாவது எடுக்காததால் இழப்பு எதுவும் இல்லை. முழுமையாக எடுத்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கு மீதிக் கணுக்களிலும் நோய் இருந்தது. எடுக்காத பிரிவிலும் ஏறத்தாழ அதே அளவு நோய் உள்ளே விடப்பட்டிருக்கும். கதிர்வீச்சும் மருந்தும் அதைக் கவனித்துக்கொண்டன என்றே கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் நடந்த அமராஸ் ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. சென்டினல் கணுவில் நோய் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அக்குள் கணுக்களை எடுத்தும், மறுபகுதியினருக்கு அக்குளுக்குக் கரண்ட் வைத்தும் பார்த்தார்கள். அக்குளில் நோய் திரும்புவது இரண்டிலும் மிகக் குறைவாகவே இருந்தது. 5 ஆண்டுகளில் கைவீக்கம் அறுவைப் பிரிவில் 23 விழுக்காடு, கதிர்வீச்சுப் பிரிவில் 11 விழுக்காடு.

நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பல பெண்கள் மார்பகத்தை முழுதாக எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இசட்0011 ஆய்வின் முடிவு அப்படியே பொருந்தாது. 2024ல் வெளியான செனோமேக் ஆய்வில் மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களும் இருந்தார்கள். கதிர்வீச்சோடு சேர்த்தால் அவர்களில் பலருக்கும் மீதிக் கணுக்களை விட்டுவைக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் 3 அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் நோய் இருந்தாலோ, கதிர்வீச்சுக்கு நாள்தோறும் வந்துபோக முடியாத நிலை இருந்தாலோ, முழுமையாக எடுப்பதே சரியாக இருக்கலாம். "கரண்டுக்கு வர முடியுமா, தங்க இடம் உண்டா" என்று மருத்துவர் கேட்டால், அவர் சிகிச்சையைத்தான் திட்டமிடுகிறார் என்று புரிந்துகொண்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

"சோதனையில இல்லைன்னு வந்து, உண்மையில இருந்துட்டா?"

நியாயமான கேள்வி. என்எஸ்ஏபிபி பி-32 என்ற பெரிய ஆய்வில் 5,611 பெண்கள் பங்கேற்றார்கள். கணுவில் நோய் உள்ளவர்களில் 9.8 விழுக்காட்டினருக்குச் சென்டினல் சோதனை அதைத் தவறவிட்டது. ஆனால் சென்டினல் கணுவில் நோய் இல்லை என்று வந்து அதோடு நிறுத்திக்கொண்டவர்களும், அப்படி வந்தும் எல்லாக் கணுக்களையும் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு தென்படவில்லை. அக்குளில் நோய் திரும்பியவர்களும் மிகச் சிலரே. தப்பிய செல்களை மருந்தும் கதிர்வீச்சும் அழித்திருக்கலாம். எனவே 0/3 என்று வந்தவர்கள் தொடர் பரிசோதனைக்குத் தவறாமல் வந்தால் போதும்.

"கை வீங்கிடுமாமே. அப்புறம் பீடி சுத்தறது, தறி, கம்பெனி வேலையெல்லாம் எப்படி?"

எல்லோருக்கும் வீங்காது. சென்டினல் சோதனை மட்டும் செய்தவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கும், எல்லாக் கணுக்களையும் எடுத்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கும் வீக்கம் வருகிறது. அக்குளுக்குக் கதிர்வீச்சும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். சில மாதங்களிலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். தொடக்கத்தில் வளையல் இறுகும், மோதிரம் கழற்ற வராது, ஜாக்கெட் கை பிடிக்கும், கை கனமாகத் தோன்றும். அந்தக் கட்டத்திலேயே வந்தால் கட்டுப்படுத்துவது எளிது. ஆண்டுக்கணக்கில் விட்டு, தோல் தடித்த பிறகு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் மிகவும் வேதனைப்படும்.

கையை அசைக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். மருத்துவர் அனுமதித்ததும் சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, தலை வாருவது, பின்பக்கம் கையைக் கொண்டுசென்று கொக்கி மாட்டுவது போன்ற பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும். பீடி சுற்றலாம், தறியில் உட்காரலாம். இடையிடையே எழுந்து கையை உயர்த்தி நீட்ட வேண்டும். தண்ணீர்க் குடம், நெல் மூட்டை போன்ற கனத்தை முதல் சில வாரங்களுக்குத் தவிர்த்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம்.

தோலைக் காப்பது எல்லாவற்றிலும் முக்கியம். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை வைப்பவர்கள் முழங்கை வரை வரும் கையுறை அணிய வேண்டும். வயலில் முள் குத்தினாலும், அரிவாள் கீறினாலும் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தத் தொற்று மேலும் வீக்கத்தை உண்டாக்கும். இரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் மறுகையில் செய்யச் சொல்லலாம். ஆனால் அவசரத்தில் அந்தக் கையில் ஓர் ஊசி போட்டுவிட்டார்கள் என்பதற்காகக் கலங்க வேண்டாம். உள்மேற்கையில் மரத்துப்போனது போல் இருப்பது, அங்கே ஓடும் ஒரு தோல் நரம்பு அறுவையில் இழுபட்டதாலோ அறுந்ததாலோ வருவது. பலருக்கு அது மெல்லக் குறையும்.

"முதல்ல கீமோ கொடுத்தாங்க, நெறி கரைஞ்சுடுச்சு. இப்பவும் எல்லாக் கணுவையும் எடுக்கணுமா?"

கீமோவுக்கு முன் ஊசிச் சோதனையில் நோய் உறுதியான கணு, கீமோவுக்குப் பின் முழுவதும் நோயற்றதாக மாறுவது உண்டு. ஹெர்2 வகையிலும், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2வும் இல்லாத மும்மறை வகையிலும் இது அதிகம். அப்போது சென்டினல் சோதனை செய்யலாம். ஆனால் தவறவிடும் வாய்ப்பு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடும். அதைக் குறைக்க, கணுவைக் கண்டறியும் இரண்டு முறைகளைச் சேர்த்துச் செய்வார்கள். 3 கணுக்களாவது எடுப்பார்கள். கீமோவுக்கு முன்பே நோயுள்ள கணுவில் ஒரு சிறு உலோகக் கிளிப்பை வைத்துவிட்டு, அறுவையின்போது அந்தக் கணுவையும் தேடி எடுப்பது இன்னும் நம்பகமானது.

கிளிப் வைக்க வேண்டுமானால் முதல் கீமோவுக்கு முன்பே நினைவூட்ட வேண்டும். கணு கரைந்த பிறகு எது அந்தக் கணு என்று கண்டுபிடிக்க முடியாது. தோல் சிவந்து வீங்கும் அழற்சி வகை மார்பகப் புற்றுநோயில் இந்தக் குறுக்குவழி கிடையாது. எல்லாக் கணுக்களையும் எடுக்க வேண்டும்.

"ஊர்ல சின்ன நர்சிங் ஹோம்ல கட்டியை எடுத்துட்டாங்க, சதையை டெஸ்டுக்கே அனுப்பல. இப்ப கணு பார்க்க முடியுமா?"

கட்டியை எடுத்த பிறகும் சென்டினல் சோதனையைப் பலருக்குச் செய்ய முடியும். பழைய வெட்டு அக்குளுக்குள் சென்றிருந்தால் கடினம். முதலில் எடுத்த சதை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் மெழுகுப் பிளாக்கும் ஸ்லைடும் அங்கே இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளை அந்தப் பிளாக்கிலேயே செய்துகொள்ளலாம். சதை தொலைந்தே போயிருந்தால், கணுச் சோதனையின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது.

வீட்டில் யாருக்கு எந்தக் கட்டியை எடுத்தாலும், "இதை டெஸ்டுக்கு அனுப்புகிறீர்களா, எங்கே அனுப்புகிறீர்கள்" என்று அறுவைக்கு முன் கேட்டுவிடுங்கள்.

"அப்பாவுக்கும் மார்புல கட்டி. ஆம்பளைக்கும் இதே சோதனையா?"

ஆம். ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அரிது. ஆனால் வந்தால் கணுச் சோதனையின் முறையும் பொருளும் இதேதான்.

"இது எல்லா ஆஸ்பத்திரியிலயும் உண்டா? காப்பீட்டு அட்டை செல்லுமா?"

கதிரியக்க மருந்துக்கு அணு மருத்துவப் பிரிவு வேண்டும். அது பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும். நீலச் சாயத்துக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கருவியோ சாயமோ இல்லாத இடங்களுக்காக, அக்குளின் கீழ்ப்பகுதிக் கொழுப்பையும் அதில் உள்ள சில கணுக்களையும் சேர்த்து எடுக்கும் ஒரு முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் ஆய்ந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். எனவே சிறிய மருத்துவமனையில் "எல்லாக் கணுவையும் எடுத்துடலாம்" என்று உடனே சொன்னால், குறைவாக எடுக்க வழி உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று மரியாதையோடு கேட்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவை அடங்கும். நீங்கள் போகும் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா, கணுச் சோதனையும் ஃப்ரோசன் செக்‌ஷனும் அறுவைத் தொகுப்புக்குள் வருகின்றனவா, தனியாகக் கட்ட வேண்டுமா என்பதைச் சேர்வதற்கு முன் காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் எல்லாப் படங்களையும் அறிக்கைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஸ்கேன் படம் வீட்டில் இருக்கிறது என்று திருப்பத்தூருக்குத் திரும்பிப் போய் வருவது நோயாளிக்கு வீண் அலைச்சல்.

"இப்பெல்லாம் கணுவைச் சோதிக்காமலே விடலாம்னு படிச்சேன். உண்மையா?"

சிலருக்கு உண்மை. 2023ல் வெளியான சவுண்ட் ஆய்வில், கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குள் ஸ்கேன் இயல்பாக வந்த பெண்களில் ஒரு பிரிவினருக்குச் சென்டினல் சோதனை செய்தார்கள். மறு பிரிவினருக்கு அக்குளைத் தொடவே இல்லை. 5 ஆண்டுகளில் தொலைவான உறுப்புகளில் நோய் வராமல் இருந்தவர்கள் முறையே 97.7, 98.0 விழுக்காடு. 2024ன் இறுதியில் வெளியான இன்செமா ஆய்வும் இதே திசையில் பேசுகிறது.

அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற, ஹார்மோன் ஏற்பி உள்ள, சிறு கட்டி கொண்ட பெண்கள். மார்பகத்தைக் காத்து, கதிர்வீச்சும் பெற்றவர்கள். அக்குள் ஸ்கேனைப் பழகிய கைகள் எடுத்தன. நாற்பது வயதில், 3 சென்டிமீட்டர் கட்டியோடு, மார்பகத்தை முழுதாக எடுக்கவிருக்கும் பெண்ணுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது தவறு. உங்கள் மருத்துவர் சோதனை வேண்டாம் என்று சொன்னால் எந்தக் காரணத்தால் என்று கேளுங்கள். மேலே சொன்ன கூறுகளை அவர் சுட்டிக்காட்டினால் நம்பிக்கையோடு ஏற்கலாம்.

"அம்மாவுக்குப் புற்றுநோய்னு சொல்லலை. சின்னக் கட்டின்னு சொல்லியே ஆபரேஷன் பண்ணிடலாமா சிஸ்டர்?"

பாசத்தில் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் முடியாது, செய்யவும் கூடாது. சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடலில் எதை எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தே ஒப்புதல் வாங்க வேண்டும். மகன் போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. கணுச் சோதனையில் நோய் இருந்தால் மீதியையும் எடுப்பதா, கரண்ட் வைப்பதா என்பதில் அவருடைய கை, அவருடைய வேலை, அவருடைய அலைச்சல் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

வேறொரு காரணமும் உண்டு. சின்னக் கட்டி என்று நம்பிய அம்மா, அறுவைக்குப் பின் கைப் பயிற்சியைச் செய்யமாட்டார்; வளையல் இறுகியதைச் சொல்லமாட்டார்; ஆறு மாதப் பரிசோதனைக்கு "எனக்கு என்ன இருக்கு" என்று வரமாட்டார். பெரும்பாலான அம்மாக்களுக்குச் சொல்லாமலே பாதி தெரிந்திருக்கும். மகனுக்கு வருத்தமாக இருக்குமே என்று அவர்களும் காட்டிக்கொள்ளாமல் இருப்பார்கள். எப்படிச் சொல்வது என்று தயங்கினால், மருத்துவரிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ உதவி கேளுங்கள். ஒரு தனியறையில், நீங்களும் பக்கத்தில் இருக்க, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு அவரே கையெழுத்தோ கைரேகையோ இடட்டும்.